ஷொர்ணூரில் இறங்குதல்



சென்னையிலிருந்து மங்களூர் மெயிலில் மேற்கே போகிறவர்களுக்கு ஷொர்ணூர் என்பது விடியற்காலைத் தூக்கத்தில் பார்க்கிற ஒரு மஞ்சள் பலகை. பாலக்காடும் ஒற்றப்பாலமும் தாண்டி, இடப்பக்கம் பாரதப்புழையின் மணல்வெளி தெரியத் தொடங்கும்போது வண்டி அங்கே நிற்கும். சாயா விற்பவர், பழம்பொரி விற்பவர், வேறு வண்டிக்கு ஓடுகிறவர்கள் என்று நடைமேடை கொஞ்ச நேரம் அமளிப்படும். பிறகு வண்டி கிளம்பிவிடும். கேரளத்தின் மிகப் பெரிய ரயில் சந்திப்புகளில் ஒன்று இது. ஊரோ, 2011 கணக்கெடுப்பில் நாற்பதாயிரத்துச் சொச்சம் பேர் இருந்த சிறு நகராட்சி. ஜங்ஷனின் பெயரைக் கேள்விப்படாத ரயில் பயணி தென்னிந்தியாவில் அநேகமாக இருக்கமாட்டார். ஊருக்குள் கால்வைத்தவர் எத்தனை பேர் என்று கேட்டால் கைகள் அதிகம் உயராது.

அந்த ஊரில் இறங்கினால் என்ன கிடைக்கும் என்பதுதான் இந்தச் சொற்பொழிவின் பொருள். தமிழ் கேட்கும் ஓர் அவைக்கு அதில் தனியான பங்கு ஒன்றும் இருக்கிறது. அதற்கு வருமுன் தண்டவாளத்தின் கதையைச் சொல்லவேண்டும்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் குறி அங்கே நிற்கவில்லை. வங்கக்கடலையும் அரபிக்கடலையும் ஒரே பாதையால் இணைக்கவேண்டும் என்பது அவர்கள் கணக்கு. குறுக்கே நிற்பது மேற்குத்தொடர்ச்சி மலை. பம்பாய்க்காரர்கள் அதே மலையைக் குடைந்து, சரிவுகளில் வண்டியைத் திணறத்திணற ஏற்றினார்கள். சென்னைக்காரர்களுக்கு இயற்கை ஒரு வாசலையே திறந்துவைத்திருந்தது. பாலக்காட்டுக் கணவாய் முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலம். சுரங்கம் குடையாமலே கோவைப் பக்கத்திலிருந்து மலபாருக்குள் இறங்கிவிடலாம். மேற்கு முனையிலிருந்தும் வேலை நடந்தது. 1861 மார்ச்சில் பேப்பூருக்கும் திரூருக்கும் இடையே வண்டி ஓடியது. இன்றைய கேரளத்தின் முதல் ரயில் அதுதான். 1862-ல் இரு பக்கத்துத் தண்டவாளங்களும் சேர்ந்து, சென்னைக்கும் பேப்பூருக்கும் நேர்வழி பிறந்தது. அந்தப் பாதை பாரதப்புழையின் வடகரையை ஒட்டி ஷொர்ணூர் வழியாகப் போனது. பின்னால் அது 1888-ல் கோழிக்கோட்டுக்கும் 1907-ல் மங்களூருக்கும் நீண்டது.

இதுவரை ஷொர்ணூர் வழியிலுள்ள ஊர்களில் ஒன்று, அவ்வளவுதான். அதைச் சந்திப்பாக்கியது ஆறு. இன்னும் சரியாகச் சொன்னால், ஆறு எல்லையாக இருந்தது.

பாரதப்புழையின் இக்கரையான ஷொர்ணூர், சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டம். ஜார்ஜ் கோட்டையின் ஆணை செல்லும் மண். அக்கரையான செறுதுருத்தி கொச்சி சமஸ்தானம். வெள்ளைக்காரன் ரயில் ஆற்றங்கரையோடு போய்விட்டது, கொச்சிக்குள் நுழையவில்லை. நல்ல துறைமுகத்தை வைத்துக்கொண்டு, ரயில் இல்லாமல் மிளகையும் கயிற்றையும் எத்தனை காலம் படகிலும் கட்டைவண்டியிலும் ஏற்றிக்கொண்டிருப்பது? 1895-ல் பட்டத்துக்கு வந்த ராமவர்மா ராஜா, பிற்காலத்தில் ராஜரிஷி என்று அழைக்கப்பட்டவர், இதற்கு ஒரு முடிவு கட்ட நினைத்தார். ஷொர்ணூரிலிருந்து எர்ணாகுளம் வரை நூறு கிலோமீட்டர் சொச்சம் சொந்தமாகப் பாதை போடுவது என்று தீர்மானித்தார்.

பணம்? கஜானாவில் இருந்தது போதவில்லை. ராஜா திருப்பூணித்துறை பூர்ணத்ரயீசர் கோயிலின் பக்கம் திரும்பினார். உற்சவத்தில் யானைகளுக்குச் சாத்தும் தங்க முகபடாம்கள் அங்கே பதினைந்து இருந்தன. அவற்றில் பதினான்கை விற்றார். வேறு கோயில் நகைகளும் போயின. தெய்வத்தின் பொன்னை எடுத்து இரும்பை வாங்கிய அரசர் என்று அவரைப் பழிக்க ஆட்கள் இருந்திருப்பார்கள். அவர் அசைந்ததாகத் தெரியவில்லை. 1902 ஜூன் மாதம் சரக்கு வண்டியும் ஜூலையில் பயணிகள் வண்டியும் ஓடின. பாரதப்புழையின் குறுக்கே அதற்காகக் கட்டிய பாலம், பின்னாளில் ரயிலுக்குப் புதுப் பாலம் வந்தபோது சாலைப் போக்குவரத்துக்கு மாறி, பல தலைமுறைகள் ‘கொச்சிப் பாலம்’ என்ற பெயரில் உழைத்தது. ஓய்வு கொடுத்த பிறகு, 2011-ல் அதன் ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது. ராஜாவே 1914-ல் பட்டத்தைத் துறந்துவிட்டார். இந்தியச் சமஸ்தான வரலாற்றில் தானாக முன்வந்து நாற்காலியை விட்டவர்கள் கொஞ்சம்பேர்தான். ரயில் ஒன்றை விட்டுச் சென்றவர்கள் அவர்களிலும் கொஞ்சம்.

இந்தப் பாதையில் ஒரு சிக்கல் இருந்தது. அந்தச் சிக்கல்தான் ஷொர்ணூருக்குச் சோறு போட்டது. மெட்ராஸ் ரயில்வேயின் பாதை அகலப்பாதை. ராஜாவின் பாதை, செலவு கருதி, மீட்டர் கேஜ். கொச்சியிலிருந்து வந்த எந்தச் சரக்கும் ஷொர்ணூரில் இறங்கி, தலைச்சுமையாக அடுத்த வண்டிக்கு ஏறியாகவேண்டும். பயணிகளும் அப்படியே. கூலிக்காரர், குமாஸ்தா, காத்திருக்கும் பயணிக்குச் சோறு விற்பவர், படுக்க இடம் கொடுப்பவர் என்று ஒரு ஜங்ஷன் ஊருக்கு வேண்டிய குடிகள் எல்லாம் இப்படிச் சேர்ந்தவர்கள். இரு அகலங்களுக்கு நடுவே இருந்த இடைவெளிதான் கடைத்தெரு. வைக்கம் சத்தியாகிரகத்துக்காக 1925 மார்ச்சில் காந்தி எர்ணாகுளத்தில் வந்து இறங்கியபோது அந்நகருக்கு இருந்த ஒரே ரயில் வழி இதுதான்.

கொச்சித் துறைமுகம் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் கையில் உருமாறி, 1928-ல் உள்துறைமுகத்துக்குள் பெரிய கப்பல் நுழைந்தது. மாற்றி ஏற்றும் வேலை இனித் தாங்காது என்று தெரிந்துவிட்டது. 1930-களில் ராஜாவின் பாதையும் அகலப்பாதையானது. ஆனால் எர்ணாகுளத்துக்குத் தெற்கே அகலப்பாதை திருவனந்தபுரத்தை எட்டியது 1976-ல்தான்.

இந்த நிலையத்தின் வழியே போன வண்டிகளில் ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் மேலே போகக்கூடாது. 1921 நவம்பரில், மலபார் கிளர்ச்சியில் பிடிபட்ட சுமார் நூறு கைதிகளைத் திரூரில் ஒரு மூடிய சரக்குப் பெட்டிக்குள் அடைத்து, பெல்லாரிச் சிறைக்கு அனுப்பினார்கள். பெட்டிக்குக் காற்று வர வழியில்லை. வண்டி ஷொர்ணூரில் நின்றது. யாரும் கதவைத் திறக்கவில்லை. ஒலவக்கோட்டிலும் திறக்கவில்லை. போத்தனூரில் திறந்தபோது பெரும்பாலோர் மூச்சுத் திணறிச் செத்துக்கிடந்தார்கள். பிழைத்தவர்களிலும் சிலர் பின்னர் இறக்க, சாவு எழுபதானது. அந்த ஆண்டின் ஏப்ரலில்தான், ஷொர்ணூருக்கு அடுத்த பெரிய நிலையமான ஒற்றப்பாலத்தில், டி. பிரகாசம் தலைமையில் முதல் கேரள மாகாணக் காங்கிரஸ் மாநாடு கூடியிருந்தது. ஒரே தண்டவாளம், ஏழே மாத இடைவெளி.

பாலக்காடு, கோழிக்கோடு, எர்ணாகுளம் பக்கப் பாதைகளுக்குப் பிறகு இந்தச் சந்திப்பின் நான்காவது கை நிலம்பூர்ப் பாதை. இதைப் போட வைத்தது தேக்கு. 1840-களில் மலபார் கலெக்டராக இருந்த கனோலி, கப்பல் கட்ட மரம் தேடி, சாத்து மேனன் என்ற அதிகாரியின் துணையோடு நிலம்பூரில் தேக்கை விதைபோட்டு வளர்க்கத் தொடங்கினார். காடு தானாக வளர்வது. அதை மனிதன் நட்டு வளர்ப்பது என்பது அப்போது புதுமை. 1846-ல் நட்ட அந்தத் தோட்டத்தில் எஞ்சியிருப்பது ‘கனோலி பிளாட்’ என்ற பெயரில் இன்றும் நிற்கிறது. உலகின் மிகப் பழைய தேக்குத் தோட்டம் என்று அதைச் சொல்கிறார்கள். மரம் முற்றி வெட்டுக்கு வந்த காலத்தில் ரயில் தேவைப்பட்டது. தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1927-ல் ஷொர்ணூரிலிருந்து நிலம்பூர் வரை 66 கிலோமீட்டர் பாதையைத் திறந்தது.

திறந்த பாதைக்கு ஆயுசு கெட்டியில்லை. இரண்டாம் உலகப்போரில் இரும்புக்குப் பஞ்சம் வந்ததும் 1941-ல் தண்டவாளத்தைப் பிடுங்கி எடுத்துப் போய்விட்டார்கள். பிறகு மறுபடி போட்டு, 1954 வாக்கில் பாதை முழுதாக உயிர்பெற்றது. இப்படிப் போரில் பிடுங்கப்பட்ட பாதைகள் இந்தியாவில் பல. எல்லாவற்றுக்கும் மறுபிறவி வாய்க்கவில்லை.

ரயிலை வேடிக்கை பார்க்கப் போகிறவர்களுக்கு இந்தப் பாதையைவிட நல்லது தென்னாட்டில் குறைவு. ஒற்றைப் பாதை, இருபுறமும் தேக்கும் ஆலும் கவிந்து நிற்கும் சின்னச்சின்ன நிலையங்கள்: வாடானாங்குறுச்சி, வல்லப்புழை, செறுகரை, மேலாற்றூர், வாணியம்பலம். மழைக்காலத்தில் போனால் வண்டி ஒரு பச்சைக் குகைக்குள் நுழைந்து நுழைந்து வெளிவரும். நடுவில் அங்காடிப்புரம் வருகிறது. 1800-ல் மலபாரைச் சுற்றிப்பார்த்த பிரான்சிஸ் புக்கானன், வெட்டும்போது மெத்தென்றும் காற்றுப்பட்டபின் கல்லாகவும் மாறும் செம்மண்ணை இங்கே பார்த்து, 1807-ல் வெளிவந்த தன் நூலில் அதற்கு ‘லேட்டரைட்’ என்று பெயர் வைத்தார். உலக நிலவியல் பாடநூல்களில் இருக்கும் அந்தப் பெயரின் பிறப்பிடம் இந்தக் குட்டி நிலையத்தின் அருகேதான். இந்திய நிலவியல் ஆய்வுத்துறை அங்கே ஒரு நினைவுச்சின்னம் வைத்திருக்கிறது. வண்டியிலிருந்து அது தெரியாது. தெரிந்துகொண்டு போகிறவர்களுக்கு ஒரு திருப்தி, அவ்வளவே.

சந்திப்பின் அமைப்பைப் பற்றி ஒரு சொல். கிழக்கே பாலக்காடு, தெற்கே திருச்சூர், மேற்கே கோழிக்கோடு, வடக்கே நிலம்பூர். பாலக்காட்டிலிருந்து திருச்சூர் போகும் வண்டி ஷொர்ணூருக்குள் வந்தால், இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டித் திரும்பவேண்டும். அந்த நேரத்தை மிச்சம்பிடிக்க ஓர் இணைப்புப் பாதை உண்டு. சென்னையிலிருந்து எர்ணாகுளம், திருவனந்தபுரம் போகும் வண்டிகள் பலவும் அதில் திரும்பி, ஊரைத் தொடாமலே ஆற்றைக் கடந்துவிடுகின்றன. தமிழ்நாட்டுப் பயணிக்கு ஷொர்ணூர் பரிச்சயமில்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். சில வண்டிகள் இங்கேதான் இரண்டாகப் பிரிந்தன. திருவனந்தபுரத்திலிருந்து ஒன்றாக வந்த அமிர்தா, ராஜ்யராணி எக்ஸ்பிரஸ்கள் நள்ளிரவுக்கு மேல் ஷொர்ணூரில் வெட்டப்பட்டு, ஒன்று பாலக்காட்டுக்கும் மற்றது நிலம்பூருக்கும் போகும். 2019-ல் இரண்டையும் தனித்தனி வண்டிகளாக்கிவிட்டார்கள். பெட்டி மாறி ஏறியவர்களைத் தேடி நடைமேடையில் நடந்த கூத்துகளும் அத்தோடு போயின.

இனி ஊரிலிருந்து வெளியே. ஆற்றைக் கடந்தால் செறுதுருத்தி. அங்குள்ள ரயில் நிலையத்துக்கு இப்போது வள்ளத்தோள் நகர் என்று பெயர். கவிஞர் வள்ளத்தோள் நாராயண மேனன் 1930-ல் தொடங்கிய கேரள கலாமண்டலம் என்ற கலைப்பள்ளி சில இடங்கள் மாறி, அந்தப் பத்தாண்டின் நடுவில் இந்த ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தது. மணக்குளம் முகுந்தராஜா அவருக்குத் துணை. கதகளி அன்று ஆதரவின்றித் தேய்ந்துகொண்டிருந்தது; நிலக்கிழார் வீடுகளில் நடந்துவந்த ஆட்டக் குழுக்கள் கலைந்துகொண்டிருந்தன. பணம் திரட்ட லாட்டரி சீட்டு விற்றார்கள். இதில் நினைத்து நினைத்து வியக்கவேண்டியது ஒன்று: வள்ளத்தோளுக்குக் காது கேட்காது. நடுவயதுக்கு முன்பே செவித்திறனை இழந்தவர். செண்டையும் மத்தளமும் இலைத்தாளமும் அதிரும் ஒரு கலையை, அதன் ஒலி தனக்கு எட்டாத ஒருவர் காப்பாற்றி நிறுத்தினார். கண்ணாலும் நினைவாலும் அவர் கதகளியைக் கேட்டிருக்கவேண்டும்.

கலாமண்டலத்தில் விடியுமுன்பே பயிற்சி தொடங்கும். கண்ணை மட்டும் சுழற்றும் சாதகம், புருவத்தை மட்டும் அசைக்கும் சாதகம், மழைக்காலத்தில் எண்ணெய் தேய்த்துக் காலால் மிதித்து உடம்பை இளக்கும் உழிச்சல். 1963-ல் இங்கே வந்த நாடக இயக்குநர் யூஜேனியோ பார்பா இந்தப் பயிற்சிகளைக் குறித்துக்கொண்டு போய், போலந்தில் குரோட்டோவ்ஸ்கியின் நாடகக் குழுவுக்குக் கொடுத்தார். 1965-ல் பைங்குளம் ராமச் சாக்கியார் கூடியாட்டம் கற்பிக்க வந்தது இன்னும் பெரிய நிகழ்ச்சி. கோயில் கூத்தம்பலத்துக்குள், குறிப்பிட்ட குடும்பங்களுக்குள் இருந்த கலை, யார் வேண்டுமானாலும் சேர்ந்து படிக்கும் பாடமாயிற்று. 2001-ல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் பாரம்பரியமாக அறிவித்தது. கதகளிப் பாட்டுக்குப் பேர்போன கலாமண்டலம் ஹைதரலி இங்கே படித்தவர்; முஸ்லிமாக இருந்ததால் பல கோயில் மேடைகள் அவருக்கு அடைபட்டிருந்தன. கலைக்கூடம் திறந்த கதவை எல்லாக் கோயிலும் திறக்கவில்லை.

இப்போது தமிழ் அவைக்கு உரிய பங்கு. ஷொர்ணூருக்குப் பக்கத்தில் கவளப்பாறை என்ற இடம். ஒரு காலத்தில் சுற்றுவட்டார நிலமெல்லாம் கவளப்பாறை மூப்பில் நாயர் குடும்பத்தின் ஆட்சியில் இருந்தது. சட்டம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கம்: இக்குடும்பத்துச் சொத்தைக் தறவாடு என்னும் கூட்டுக்குடும்பத்தின் பொதுச் சொத்தாக்கிய 1955-ஆம் ஆண்டின் சென்னைச் சட்டத்தை 1960-ல் உச்சநீதிமன்றம் செல்லாதென்று சொன்ன கொச்சுண்ணி வழக்கு இங்கிருந்து போனதுதான். அந்தக் கவளப்பாறையில் ஆரியங்காவு பகவதி கோயில் இருக்கிறது. ஆண்டுதோறும் அங்கே 21 இரவுகள் தோல்பாவைக்கூத்து நடக்கும். கூத்தின் பாட்டு கம்பராமாயணம்.

மொழிபெயர்ப்போ தழுவலோ அல்ல. கம்பனின் தமிழ் விருத்தங்கள். மலையாளம் பேசும் கலைஞர்கள், மலையாளம் பேசும் ஊரில், தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்த தமிழ்ப் பாட்டைப் பாடி, தமிழும் மலையாளமும் வடமொழியும் கலந்த நடையில் விளக்கம் சொல்கிறார்கள். உச்சரிப்பு கொஞ்சம் திரிந்திருக்கும். கூர்ந்து கேட்டால் கம்பன் பிடிபடுவான். குழுவின் தலைவரைப் புலவர் என்றே அழைக்கிறார்கள். பாட்டோடு நிற்பதில்லை: ஒரு செய்யுளை எடுத்துக்கொண்டு கேள்வியும் விடையுமாக, இலக்கணமும் புராணமும் சாத்திரமும் இழுத்துவந்து மணிக்கணக்கில் விரிக்கிறார்கள். நம் ஊர்ப் பட்டிமன்றப் பேச்சாளர்கள் ஒரு முறை போய் உட்கார்ந்து பார்க்கலாம்.

ஏன் ராமாயணம்? ராம ராவண யுத்தம் நடந்தபோது பத்ரகாளி தாரிகாசுரனோடு சண்டையில் இருந்தாளாம். அதனால் பார்க்கத் தவறிய யுத்தத்தை அவளுக்கு ஆண்டுதோறும் ஆடிக்காட்டுகிறார்கள். ஆகவே கூத்துமாடம் என்னும் நிலையான மேடை, கோயில் வாசலைப் பார்த்தபடி தனிக் கட்டடமாக நிற்கிறது. மேலே வெள்ளை, கீழே கறுப்பாக நீண்ட திரை. திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றி ஏற்றிய 21 விளக்குகள். மான் தோலில் வெட்டிய பழைய பாவைகள், இப்போது ஆட்டுத்தோல். நள்ளிரவுக்குமேல் திரைக்கு முன்னால் பெரும்பாலும் ஒருவரும் இருக்கமாட்டார்கள். ஆட்டத்துக்கு அதனால் குறையில்லை, ஏனென்றால் பார்வையாளர் தேவி. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இந்தக் கூத்தை ஊர் ஊராகப் பதிவுசெய்து 1996-ல் ஒரு நூலாக எழுதியபோது அவரை முதலில் உலுக்கியது இந்த ஆளில்லாத் திடல்தான்.

ராமாயணம் கேட்க அனுமதி மறுக்கப்பட்ட சின்னத்தம்பி என்ற எளியவர் கம்பனைக் கற்று, ஊராருக்குப் புரியும்படி பாவையாட்டமாக்கினார் என்று கலைஞர்களிடையே ஒரு கதை வழங்குகிறது. வரலாறோ இல்லையோ, கூத்தின் மனப்போக்கு அதில் தெரிகிறது. கோயிலுக்குள் இருந்ததை வெளி மேடைக்குக் கொண்டுவந்தவர் அருகிலுள்ள கூனத்தறையின் கிருஷ்ணன்குட்டிப் புலவர். அவர் மகன் ராமச்சந்திரப் புலவருக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. இப்போது அந்தக் குடும்பத்தில் பெண்களும் பாவை ஆட்டுகிறார்கள். ஒரு மியூசியத்துக்காக இயந்திரம் ஆட்டும் பாவைகளும் செய்து பார்த்தாயிற்று. தமிழ்ப் பல்கலைக்கழகங்களில் கம்பனைப் பற்றி நடக்கும் கருத்தரங்குகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், ஆரியங்காவுக்குப் போய்வந்த தமிழறிஞர்கள் சொற்பம். பத்து மணி நேர ரயில் தூரம்தான்.

மற்றவை சுருக்கமாக. ஒற்றப்பாலத்தை அடுத்த மனிசேரியின் வரிக்காசேரி மனை, ‘தேவாசுரம்’ படம் வந்த பிறகு சினிமாக்காரர்களின் நிரந்தர முகவரி. செம்பை வைத்தியநாத பாகவதர் 1974 அக்டோபரில் ஒற்றப்பாலம் பக்கத்தில் பூழிக்குன்னு கிருஷ்ணன் கோயிலில் பாடியதுதான் அவருடைய கடைசிக் கச்சேரி, அன்றே காலமானார். லக்கிடி நிலையத்தில் இறங்கினால் துள்ளல் என்னும் ஆட்டக்கலையைப் படைத்த குஞ்சன் நம்பியாரின் பிறந்த வீடு. கிள்ளிமங்கலத்தில் கோரைப்பாய் நெய்கிறார்கள். ஷொர்ணூரிலேயே 1928-ல் தொடங்கிய அரசுத் தொழிற்கூடம் மண்வெட்டி, கோடரி முதலியவற்றைச் செய்கிறது.

ஆற்றைப் பற்றி மட்டும் நல்லதாகச் சொல்ல வழியில்லை. ஆனைமலையில் பிறந்து 209 கிலோமீட்டர் ஓடும் பாரதப்புழையின் தலைநீர் தமிழ்நாட்டில். ஆழியாறும் பாலாறும் அதில் சேர்பவை. பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தம் குறித்து இரு மாநிலமும் இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றன. அணைகளும் மணற்கொள்ளையும் சேர்ந்து, கோடையில் பாலத்தின் அடியில் தண்ணீரைவிடப் புல்லும் புதரும் அதிகம். 2018, 2019 ஆகஸ்டுகளில் அதே ஆறு கரைபுரண்டு ஊருக்குள் வந்தது.

போக நினைப்பவர்களுக்குக் காலம் முக்கியம். கூத்துக் காலம் ஜனவரியிலிருந்து மே வரை. ஆரியங்காவுக் கூத்து பங்குனிப் பூரத்தை ஒட்டி வருகிறது. கலாமண்டலத்துக்கு ஏப்ரல், மே விடுமுறை; சனி, ஞாயிறிலும் வகுப்பு நடக்காது. இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க மார்ச் மாதத்து வேலைநாள்களே தோது. பகலில் கலாமண்டலம், மாலையில் நிலம்பூர் பாசஞ்சரில் அங்காடிப்புரம் வரை போய்த் திரும்புதல், இரவு உணவுக்குப்பின் கவளப்பாறை என்று வைத்துக்கொள்ளலாம். கூத்து விடியவிடிய நடக்கும் என்பதால் அறை எடுப்பவர்கள் ஓர் இரவுக் கட்டணத்தை மிச்சம்பிடிக்கலாம்.